கலகமும் கலக்கமும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில், கேளம்பாக்கத்திற்குச் சற்று வடக்கே, சிறுசேரி என்னும் ஊர் இருக்கிறது. கிழக்கே முட்டுக்காட்டுக் கழியும், அதற்கப்பால் கோவளத்துக் கடலும் அதற்கு அண்மையில் உள்ளன. பெயரில் இன்றும் அது சிறிய சேரிதான். ஆனால் சிப்காட் தொழிற்பூங்கா அங்கு அமைந்தபின், நாள்தோறும் பல்லாயிரம் இளைஞர் வந்து கூடும் இடமாகிவிட்டது. அவ்விளைஞர் வாயில் ஓயாது வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று 'கேயாஸ்' என்பது. நாவலூர்ச் சந்திப்பில் வண்டிகள் நெருங்கி நின்றால் அது 'கேயாஸ்'. கணிப்பொறியில் கோப்பு ஒன்று காணாமற் போனாலும் 'கேயாஸ்'. உணவுக்கூடத்தில் வரிசை குலைந்தால் அதுவும் 'கேயாஸ்' தான். ஒரே குடையின் கீழ் ஊரையெல்லாம் ஒதுக்குவது போல, ஒரே சொல்லின் கீழ் எல்லாக் குழப்பத்தையும் ஒதுக்கிவிடுகின்றனர்.

மாணவ நேயர்களே! ஆங்கில மொழியில் குழப்பத்தைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. கன்ஃபியூஷன், டிஸார்டர், பேனிக், டர்மாயில், ரயட், மியூட்டினி, ரெபெல்லியன், அனார்க்கி என்று அவை பெரும்படையாக அணிவகுத்து நிற்கின்றன. அகராதியைப் புரட்டினால் ஒன்றன் பொருளை விளக்க மற்றொன்றை எழுதியிருப்பார்கள். தேர்வு எழுதுவோர் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்துத் தப்பிவிடலாம். வரலாறு படிப்போர் அவ்வாறு செய்தல் கூடாது. ஒரு நிகழ்ச்சிக்கு இச்சொற்களுள் எது பெயராக வாய்த்தது என்பதை ஒட்டி, ஒரு சாரார் பீரங்கி வாயில் மாண்டதுண்டு; அதே குற்றத்தைச் செய்த மற்றொரு சாரார் மன்னிப்புப் பெற்று மீண்டும் பணியில் அமர்ந்ததுண்டு. இதற்குச் சான்று தேடிப் பிறநாடு செல்ல வேண்டுவதில்லை. நம் சென்னை மாகாணத்து வரலாறே போதும்.

முதலில் சொற்களின் வேரைச் சிறிது கிளறிப் பார்ப்போம். 'கன்ஃபியூஷன்' என்பது இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. பலவற்றை ஒன்றாக ஊற்றிக் கலத்தல் என்பதே அதன் அடிப்பொருள். தமிழ்ச் செவிக்கு இது புதிதன்று. குழம்புதல் என்றாலும் பலவும் கலந்து தெளிவிழத்தல்தானே? நீர் குழம்பினால் சேறு. புளியும் மிளகாயும் பருப்பும் ஓரிடத்தில் கூடினால் அடுப்பில் கொதிக்கும் குழம்பு. மனம் குழம்பினால் குழப்பம். உரோமரும் தமிழரும் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே உவமையைக் கண்டிருக்கின்றனர். 'ரெவல்யூஷன்' என்னும் சொல்லும் இத்தகையதே. அதன் வேரில் உருளுதல் என்னும் பொருள் இருக்கிறது. விண்ணிலே கோள்கள் சுற்றி வருவதைக் குறிக்கத்தான் கோப்பர்னிக்கஸ் 1543-இல் வெளிவந்த தம் நூலின் தலைப்பில் அச்சொல்லை வைத்தார். அரசு கவிழ்வதற்கு அது பெயரானது பிற்காலத்தில். நாமும் புரள், புரட்டு என்னும் வினையிலிருந்தே புரட்சி என்றோம்.

கேயாஸ் கிரேக்கச் சொல். உலகம் தோன்றுமுன் வாய் பிளந்து கிடந்த பெருவெளியைக் குறித்தது. நாவலூர்ச் சந்திப்பு எவ்வளவுதான் நெரிசல் மிக்கதாயினும் அவ்வளவு பழமையானது அன்று! 'பாண்டிமோனியம்' என்பது மில்டன் என்னும் பெருங்கவிஞர் 1667-இல் வெளியிட்ட காப்பியத்தில், நரகத்தில் பேய்கள் எழுப்பிய தலைநகருக்கு இட்ட பெயர். இன்று வகுப்பில் ஆசிரியர் இல்லாத வேளையில் எழும் இரைச்சலுக்கு அது பெயராகிவிட்டது. 'மாப்' என்பது நிலையில்லாத கும்பல் எனப் பொருள்படும் இரண்டு இலத்தீன் சொற்களின் துண்டு. இவ்வாறு சொற்களை வெட்டி வழங்குவது கண்டு மனம் நொந்து 1710-இல் எழுதினார் ஜொனாதன் ஸ்விஃப்ட். இளைஞர் சொற்களை வெட்டுகிறார்கள் என்னும் முறையீட்டுக்கு இப்போது முந்நூறு வயது கடந்துவிட்டது.

மற்றொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். ஒழுங்கு குலைந்ததைச் சொல்ல வந்தால் ஆங்கிலேயரின் நா ஒரு சொல்லோடு நிற்பதில்லை, எதுகையோடு இரட்டிக்கும். 'ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்' என்பார்கள். 'டாப்ஸி டர்வி' என்பார்கள். 'ஹர்லி பர்லி' என்பார்கள். நாம் மட்டும் என்ன? தாறுமாறு என்கிறோம், கன்னாபின்னா என்கிறோம், அல்லோலகல்லோலம் என்கிறோம். கல்லோலம் என்றால் பேரலை. நம் சொற்களின் வரலாறும் வேடிக்கையானதுதான். பழந்தமிழில் அமளி என்றால் படுக்கை. இன்று அமளி நடக்கும் இடத்தில் ஒருவரும் உறங்க முடியாது. களேபரம் என்றால் வடமொழியில் உடல். அது தமிழில் கூச்சலும் குழப்பமும் ஆயிற்று. கலக்கமும் கலகமும் ஒலியால் உடன்பிறந்தவை போலத் தோன்றினும், முன்னது தமிழ் என்றும் பின்னது வடசொல்லின் திரிபு என்றும் அகராதியார் கூறுவர்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 'பேனிக்' என்னும் சொல்லைப் பாருங்கள். கிரேக்க நாட்டில் பான் என்று ஒரு காட்டுத் தெய்வம். ஆட்டின் காலும் கொம்பும் உடையது. மலைச்சரிவில் அமைதியாக மேயும் மந்தை திடீரென மிரண்டு ஓடினால், அது பான் செய்த வேலை என்று இடையர் கருதினர். எனவே, காரணம் தெரியாமல் கூட்டமாக மிரளும் மிரட்சியே பேனிக். மந்தைக்கு ஏற்பட்ட சொல் மக்களுக்கு ஆகி வந்தது என்பதை மறவாதீர்கள்.

1780-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஐதர் அலி பெரும்படையோடு கணவாய் கடந்து கருநாடகச் சமவெளியில் இறங்கினார். ஆகஸ்டுத் திங்களில் அவர் குதிரைப் படையினர் பரங்கிமலைச் சுற்றுப்புறத்தைச் சூறையாடினர். சிறுசேரி அடங்கிய செங்கற்பட்டுச் சீமை முழுவதும் அப்போரில் பாழ்பட்டது. ஊர்கள் எரிந்தன, மக்கள் ஊரை விட்டு ஓடினர், சென்னைக் கறுப்பர் நகரத்து மக்களும் கோட்டையை நோக்கி விரைந்தனர். இதனை ஆங்கில நூலாசிரியர் பேனிக் என்று எழுதுவர். காரணமற்ற மிரட்சியா அது? வீட்டுக் கூரை எரியக் கண்டவன் ஓடுவது மந்தையின் மிரட்சி ஆகுமா?

அதே ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதே அவ்வழிவை விரைவுபடுத்தியது. பெய்லிக்குத் துணையாக வந்திருக்க வேண்டிய தளபதி ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் இருந்தார். 1764-இல் பக்சார்ப் போரை வென்று புகழ் பெற்றவர் அவர். பெய்லி அழிந்தார் என்று தெரிந்ததும் தம் கனத்த பீரங்கிகளைக் கோயிற் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கற்பட்டு வழியாகச் சென்னைப் பக்கம் விரைந்து வந்து சேர்ந்தார். இதற்கு நூல்களில் உள்ள பெயர் 'ரிட்ரீட்', அதாவது பின்வாங்கல். உழவன் ஏரைப் போட்டுவிட்டு ஓடினால் அது பேனிக்; தளபதி பீரங்கியைப் போட்டுவிட்டு ஓடினால் அது ரிட்ரீட்.

இருபதாம் நூற்றாண்டிலும் சென்னை இருமுறை கலங்கியது. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, செர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்திற்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. சிலர் மாண்டனர். அரைமணி நேரத்தில் கப்பல் மறைந்துவிட்டது. ஆனால் அடுத்த நாள்களில் பெருந்திரளான மக்கள் நகரை விட்டு வெளியேறினர். எம்டன் தமிழுக்கு ஒரு சொல்லையும் கொடுத்துவிட்டுப் போயிற்று. எதற்கும் அஞ்சாத கெட்டிக்காரனை 'அவன் பெரிய எம்டன்' என்கிறோம். பகைவன் கப்பலின் பெயர் பாராட்டாக மாறியது பற்றி அன்றைய ஆட்சியாளர் என்ன எண்ணியிருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நிகழ்ந்தது வேறு வகை. 5-ஆம் நாள் கொழும்பையும், 9-ஆம் நாள் திருகோணமலையையும் சப்பானிய விமானங்கள் தாக்கின. அடுத்தது சென்னைதான் என்ற அச்சம் எழுந்தது. இன்றியமையாப் பணி இல்லாதோர் நகரை விட்டு நீங்குக என்று அரசே அறிவித்தது. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. உயிர்க்காட்சிச் சாலையில் இருந்த கொடிய விலங்குகள், குண்டு விழுந்து கூண்டு உடையுமோ என்று அஞ்சிச் சுட்டுக் கொல்லப்பட்டன. சப்பானியப் படை வரவே இல்லை. இந்நிகழ்ச்சியின் பெயர் 'இவாக்குவேஷன்', அதாவது முறைப்படி இடம் பெயர்தல். 1914-இல் மக்கள் தாமே ஓடினர், அது பீதி. 1942-இல் அரசு முன்னே சென்று மக்களையும் அழைத்தது, அது ஏற்பாடு. இவ்விரண்டில், உண்மையாகவே குண்டு விழுந்தது எப்போது என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

'ரயட்' என்னும் சொல்லில் எண்ணிக்கை புகுந்துவிட்டது. முற்காலத்தில் வேட்டைநாய் தான் தொடர வேண்டிய மோப்பத்தை விட்டு வேறொரு விலங்கின் பின்னே ஓடினால், அதனையும் ரயட் என்றே வேடர் சொல்வர். பின்னர்ச் சட்டத்தார் கையில் அது கட்டுப்பட்டது. 1715 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பன்னிருவரோ அதற்கு மேற்பட்டோரோ அமைதி குலையக் கூடினால், அதிகாரி ஓர் அறிக்கையைப் படிப்பார். அதன்பின் ஒரு மணி நேரத்தில் கலையாதவருக்கு மரண தண்டனை வரை உண்டு. இன்று ஆங்கிலத்தில் ஒருவரைக் கடுமையாகக் கண்டிப்பதற்கு அச்சட்டத்தின் பெயரால் ஒரு வழக்கு நிலவுகிறது. வழக்குக்கு மூலமான சட்டமோ 1967-இல் நீக்கப்பட்டுவிட்டது. இந்தியாவில் மெக்காலே குழுவினர் 1837-இல் வரைந்து, 1860-இல் நிறைவேறிய தண்டனைச் சட்டம் பன்னிரண்டை ஐந்தாகக் குறைத்தது. பொது இடத்தில் இருவர் அடித்துக்கொண்டு அமைதியைக் குலைத்தால் அது 'அஃப்ரே' எனப்படும் தெருச்சண்டை. தகாத பொதுநோக்கத்தோடு ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி, அவருள் ஒருவர் வன்முறையில் இறங்கினாலும் அது ரயட். 2024 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா இவ்விரண்டையும் 194, 191 ஆகிய பிரிவுகளில் வைத்திருக்கிறது. எண்கள் மாறின, ஐவர் என்ற கணக்கு மாறவில்லை. ஆங்கிலேயன் பன்னிருவர் கூடினால் அஞ்சிய சட்டம், இந்தியர் ஐவர் கூடினாலே அஞ்சியது என்று சொன்னால் சட்ட அறிஞர் சிலர் என்னோடு வாதிடக்கூடும். நான் அவ்வாறே கருதுகிறேன்.

'ரெபெல்லியன்' என்னும் சொல் இன்னும் நுட்பமானது. தோற்றவன் மீண்டும் போர் தொடுத்தல் என்பது அதன் இலத்தீன் பொருள். ஆகவே ஒருவனை 'ரெபெல்' என்று அழைத்தால், அவன் முன்பே தோற்றவன், முன்பே அடங்கியவன் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். 1801-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் மருது பாண்டியரின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் ஒட்டப்பட்டது. கருநாடகத்தின் ஆட்சியை நவாபிடமிருந்து கம்பெனி உடன்படிக்கை எழுதிப் பெற்றதோ அதே ஆண்டு ஜூலை 31-ஆம் நாள். பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் உரிமை கம்பெனிக்கு 1792-இலேயே கிடைத்துவிட்டது என்பது உண்மையே. ஆயினும் ஆள்வோர் யார் என்பது இன்னும் எழுதி முடியாத நாளில் எழுந்தவரை, 'ரெபெல்' என்று எழுதி, அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிட்டனர். பின்னர்ப் பேராசிரியர் கே. இராசய்யன் 1971-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் 'ரெபெல்லியன்' என்ற சொல்லை வைத்துக்கொண்டே, அதனை முதல் விடுதலைப் போர் என்றும் தலைப்பிட்டார்.

இப்போது நம் பொருளின் நடுவிடத்திற்கு வந்துவிட்டோம். 'மியூட்டினி' என்பது படைவீரர் தம் மேலதிகாரிகளின் ஆணையை மீறி எழுதல். அச்சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேரில் இருப்பது அசைவு என்னும் பொருளே. அசையாமல் நிற்க வேண்டியவன் அசைந்தான் என்பதுதான் குற்றம்.

1806-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள், விடியுமுன், வேலூர்க் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் எழுந்தனர். எழுந்ததற்குக் காரணம் பல. படைத்தலைவர் சர் ஜான் கிரடாக் காலத்தில் வந்த புதிய விதிகளின்படி, நெற்றியில் சமயக் குறி இடலாகாது; காதில் கடுக்கன் அணியலாகாது; தாடி மீசையைக் கட்டளைப்படி திருத்த வேண்டும்; தோலால் ஆன பொருள் தைத்த புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும். இந்துவும் முசுலிமும் ஒருங்கே மனம் நொந்தனர். தலைப்பாகையை மறுத்தவர்களுக்கு முன்னரே கசையடி கிடைத்திருந்தது. திப்பு சுல்தானின் மக்களும் அக்கோட்டையிலேயே காவலில் இருந்தனர். அன்று காலையில் ஆங்கிலப் படையினர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் 14 பேர் அதிகாரிகள். மைசூர்ப் புலிக்கொடி கோட்டை மேல் ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்னும் தளபதி குதிரைப் படையோடு விரைந்து வந்தார். நண்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. அரண்மனையில் பதுங்கியிருந்த நூறு பேர் அளவில் வெளியே இழுத்துவரப்பட்டு, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். விசாரணை ஏதும் இல்லை. பின்னர் விசாரித்து, ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டனர். ஐவரைத் துப்பாக்கியாற் சுட்டனர். எட்டுப் பேரைத் தூக்கிலிட்டனர். அன்று மாண்ட சிப்பாய்களின் தொகை சில நூறு. இந்நிகழ்ச்சிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'வேலூர் மியூட்டினி'.

மூன்றே ஆண்டுகள் கழிந்தன. 1809-இல் அதே சென்னைப் படையில் மற்றொரு கூட்டத்தார் ஆணையை மீறினர். இவர்கள் சிப்பாய்கள் அல்லர். அவர்களை ஆண்ட வெள்ளை அதிகாரிகள். இவர்களுக்கும் மனக்குறை உண்டு. கூடாரச் செலவுக்காகப் படைப்பிரிவுத் தலைவர்களுக்குக் கிடைத்து வந்த வருவாயை அரசு நிறுத்திவிட்டது. அதையொட்டி எழுந்த பூசலில் கவர்னர் சர் ஜார்ஜ் பார்லோ அதிகாரிகள் சிலரைப் பணியிலிருந்து நீக்கினார். மசூலிப்பட்டணத்தில் அதிகாரிகள் தம் தலைவரையே சிறை வைத்தனர். ஐதராபாத்திலும் சாலனாவிலும் எதிர்ப்பு மூண்டது. சீரங்கப்பட்டணத்தில் கோட்டையையே கைப்பற்றி வாயிலை அடைத்தனர். அவர்களுக்குத் துணையாகச் சித்திரதுர்க்கத்திலிருந்து புறப்பட்ட பட்டாளங்களை, அரசின் குதிரைப் படை ஆகஸ்டு 11-ஆம் நாள் வழிமறித்துத் தாக்கியது. அங்கே உயிரும் உறுப்பும் இழந்தவர் யார் என்றால், தம் அதிகாரியின் சொற்கேட்டு நடந்த இந்தியச் சிப்பாய்களே! கூடாரப் பணம் யாருக்கு என்பது பற்றி அவர்களுக்கு ஒரு வழக்கும் இல்லை.

கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபு தாமே சென்னைக்கு வந்தார். இருபது பேர் அளவில் ஒதுக்கி வைத்து, ஏனைய அதிகாரிகள் அனைவருக்கும் பொது மன்னிப்பு வழங்கினார். ஒதுக்கப்பட்டவருள்ளும் பதவி இழந்தவர் உண்டு. உயிர் இழந்தவர் ஒருவரும் இல்லை. பணி இழந்தவருள் பலர் பின்னாளில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியின் பெயர் என்ன? மசூலிப்பட்டணத்தாரை அமைதிப்படுத்தச் சென்ற சர் ஜான் மால்கம், 1812-இல் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பில் அவர் வைத்த சொல் 'டிஸ்டர்பன்சஸ்'. உறங்குபவனை எழுப்பிவிட்டாலும் அது டிஸ்டர்பன்ஸ். கதவைத் தட்டினாலும் டிஸ்டர்பன்ஸ். கோட்டையைக் கைப்பற்றியதும் அவ்வினத்துள் அடங்கிற்று. வேலூரில் சிப்பாய் செய்தது மியூட்டினி. சீரங்கப்பட்டணத்தில் துரை செய்தது டிஸ்டர்பன்ஸ். மால்கம் நேர்மையற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. அறிவும் அனுபவமும் மிக்கவர் அவர். தம் இனத்தார் மேல் அச்சொல்லை வைக்க அவர் கை எழவில்லை என்பதே செய்தி. நூறாண்டுக்கு மேல் சென்றபின், 1929-இல், சர் அலெக்சாண்டர் கார்டியூ என்பார் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து நூல் எழுதினார். அவர்தாம் 'வெள்ளை மியூட்டினி' என்று துணிந்து தலைப்பிட்டார். இந்தியப் படை வரலாற்றில் மறந்துபோன நிகழ்ச்சி என்றும் சேர்த்துக்கொண்டார். மறந்துபோனதில் வியப்பு என்ன? பெயரே இல்லாத குழந்தையை யார் நினைவில் வைப்பார்?

1857-இன் பெயர்ப் பூசல் நீங்கள் பாடநூலில் படித்ததுதான். அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே, நடப்பது படைக்கலகமா, நாட்டின் எழுச்சியா என்று இலண்டன் பாராளுமன்றத்தில் டிஸ்ரேலி கேட்டுவிட்டார். நூறாண்டு கழித்து, 1957-இல், ஆர். சி. மஜும்தார் 'சிப்பாய் மியூட்டினி' என்ற சொல்லைத் தம் நூல் தலைப்பில் வைத்தார். எஸ். என். சென் எச்சொல்லையும் வைக்காமல் ஆண்டை மட்டுமே தலைப்பாக்கினார். அதுவும் ஒரு விடைதான்.

இவ்விடத்தில் 'லூட்' என்னும் சொல்லை நினைக்காமல் போவதற்கில்லை. அது இந்தியாவிலிருந்து ஆங்கிலத்திற்குப் போன சொல். 1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. இரவெல்லாம் ஆங்கிலப் படையினர் நகரைக் கொள்ளையிட்டனர். மறுநாள் ஆர்தர் வெல்லெஸ்லி கொள்ளையிட்டவர் சிலரைத் தூக்கிலிட்டு ஒழுங்கை நிலைநாட்டினார். அதன்பின் ஒரு குழு அமைந்தது. திப்புவின் கருவூலத்தை எண்ணி, பதவிக்குத் தக்கபடி தளபதி முதல் சிப்பாய் வரை பங்கிட்டது. அப்பங்குக்குப் பெயர் 'பிரைஸ்', அதாவது பரிசு. தனியாக எடுத்தவன் கழுத்தில் கயிறு விழுந்தது. குழு கூடி எடுத்தது கணக்கில் ஏறியது.

தமிழில் கலகம் என்னும் சொல் அவ்வளவு கொடிதன்று. நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்கிறோம். ஆனால் ஆங்கிலச் சட்டத்தின் ரயட் நம் ஊரில் தமிழ் உடை உடுத்தி வந்தபோது இந்தக் கலகம் என்னும் சொல்லையே அணிந்து வந்தது. 1908-இல் திருநெல்வேலியில் நேர்ந்தது அதுவே.

அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, மார்ச்சுத் தொடக்கத்தில் வென்றனர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையை மார்ச்சு 9-ஆம் நாள் கொண்டாடினர். 12-ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பட்டனர். 13-ஆம் நாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன, மக்கள் திரண்டனர், நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம் ஆகியவை தாக்கப்பட்டன, எரிந்தன. காவலர் சுட்டதில் நால்வர் மாண்டனர். அரசின் கோப்புகளில் இது 'டின்னெவெல்லி ரயட்ஸ்'. தமிழிலும் நெடுங்காலம் திருநெல்வேலிக் கலகம் என்றே வழங்கினோம். அரசு இட்ட பெயரை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டோம் என்று கூடச் சொல்லலாம்.

கலகம் என்று சொன்னால் கண்முன் வருவது எரியும் கட்டடம். எரிந்த கட்டடங்கள் எவை என்று பார்ப்பவர் குறைவு. அன்று தாக்கப்பட்டவை பெரும்பாலும் அரசின் நிலையங்களே. மோப்பம் தவறிய வேட்டைநாயின் ஓட்டமாக அதனை என்னால் கருத முடியவில்லை; எங்குச் செல்வது என்று தெரிந்தே அக்கூட்டம் சென்றது. தீயிட்டதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. அக்கூட்டத்துக்கு நோக்கம் இருந்தது என்பதை ரயட் என்ற சொல் மறைத்துவிடுகிறது என்றுதான் சொல்கிறேன். ஆ. இரா. வேங்கடாசலபதி இந்நிகழ்ச்சியை விரிவாக ஆராய்ந்து எழுதிய நூலுக்கு 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்று பெயர். 2024-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது அந்நூலுக்குக் கிடைத்தது. கலகம் நின்ற இடத்தில் எழுச்சி வந்து நிற்கிறது. எழுதல் என்னும் அதே அடிப்பொருளில் ஆங்கிலத்திலும் 'இன்சரெக்ஷன்' என்றொரு சொல் உண்டு. ஆனால் 1908-இல் கோப்பு எழுதிய எழுத்தருக்கு அது நினைவுக்கு வரவில்லை போலும்.

சிதம்பரனாருக்கு அவ்வாண்டு ஜூலை 7-ஆம் நாள் விதிக்கப்பட்டது இரட்டை நாடுகடத்தல் தண்டனை. அது இராசத் துரோகம் என்ற வேறொரு சொல்லின் பேரில் வந்தது. பின்னர் மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தார். ரயட் என்ற சொல்லின் பேரில் வந்த தண்டனையோ ஊருக்கு. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டக் காவற்படை நிறுத்தப்பட்டது. அப்படையினரின் சம்பளத்துக்கான வரியை அவ்வூர் மக்களே கட்டினர்.